படுகளமும் கைப்பேசிப் போர்க்களமும்

கடலூர் மாவட்டத்துச் சிற்றூர் மாணவர்களுள் திரௌபதி அம்மன் திருவிழாவைக் காணாதவர் குறைவாகவே இருப்பர். பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். விழா முடியும் தறுவாயில், ஒரு காலைப் பொழுதில், ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணால் செய்த துரியோதனன் பல அடி நீளத்துக்கு மல்லாந்து கிடப்பான். வேடமிட்ட வீமனும் துரியோதனனும் அவ்வுருவைச் சுற்றி ஓடிப் போரிடுவர். இறுதியில் வீமன் தொடையில் அடிக்க, அங்கே மறைத்து வைத்த செந்நீர் பீறிடும். திரௌபதி தன் விரிந்த கூந்தலை முடிப்பாள். இதற்குப் பெயர் படுகளம். முன்வரிசையில், பாட்டியின் மடியிலும் அப்பாவின் தோளிலும் அமர்ந்து இதைப் பார்ப்பவர்கள் குழந்தைகளே. ‘இவ்வளவு இரத்தத்தைக் குழந்தைகள் பார்க்கலாமா?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதே குழந்தை வீட்டுக்கு வந்து கைப்பேசியை எடுக்கிறது. திரையில் விமானம் பறக்கிறது. நூறு பேர் குதிக்கிறார்கள். துப்பாக்கி தேடி எடுத்து ஒருவரையொருவர் சுடுகிறார்கள். கடைசி வரை உயிரோடிருப்பவரே வென்றவர். இப்போது பெற்றோர் பதறுகின்றனர். கடலூர் மஞ்சக்குப்பமானாலும் சிதம்பரம் கீழவீதியானாலும் பேச்சு ஒன்றுதான்: ‘இந்தச் சுடுகிற விளையாட்டை ஆடினால் பையன் முரடனாகி விடுவானா? ஆட விடலாமா, கூடாதா?’

பெற்றோரின் அச்சம் வெறும் பழமைவாதமா? அல்லது அதில் உண்மை உண்டா? அறிவியல் இதைப் பற்றி என்ன கூறுகிறது, எதைக் கூறவில்லை என்பதை ஆராய்வோம்.

காற்றடைத்த பொம்மை

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலாரும் அவருடைய துணைவர்களும் ஒரு சோதனை செய்தனர். மூன்று வயது முதல் ஆறு வயதுக்குள் இருந்த 72 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். அறையின் ஒரு மூலையில் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று. தள்ளினால் சாய்ந்து மீண்டும் நிமிர்ந்து நிற்கும்; நம் தஞ்சாவூர்ப் பொம்மை போன்றதே. சில குழந்தைகளின் கண்ணெதிரில் பெரியவர் ஒருவர் அப்பொம்மையைக் குத்தினார், அதன் மேல் அமர்ந்தார், சுத்தியால் அடித்தார். வேறு சில குழந்தைகள் அமைதியாக விளையாடும் பெரியவரைக் கண்டனர். மற்றும் சிலர் யாரையும் காணவில்லை. பிறகு, நல்ல விளையாட்டுச் சாமான்களைக் காட்டி, உடனே அவற்றை எடுத்துக் கொண்டு, குழந்தைகளுக்குச் சற்று எரிச்சல் உண்டாக்கினர். அதன் பின் அந்தப் பொம்மை இருக்கும் அறையில் விட்டனர். அடியைப் பார்த்த குழந்தைகள் அதே முறையில், அதே சொற்களைக் கூறி அடித்தனர்.

இச்சோதனையைப் பலரும் மேற்கோள் காட்டுவர். ஆனால் 1965இல் பண்டூரா செய்த அடுத்த சோதனையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. என்னுடைய கருத்தில் அதுவே சிறந்தது. இம்முறை பொம்மையை அடித்தவருக்கு நேர்ந்த முடிவு மாற்றப்பட்டது. ஒரு படத்தில் அவருக்குப் பரிசு கிடைத்தது. மற்றொன்றில் தண்டனை கிடைத்தது. மூன்றாவதில் ஒன்றும் நேரவில்லை. தண்டனையைக் கண்ட குழந்தைகள் குறைவாகவே அடித்தனர். பின்னர், ‘நீ பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருவேன்’ என்று கூறியதும் எல்லாரும் ஒரே அளவில் செய்து காட்டினர்! அதாவது, கற்றுக் கொள்வது வேறு. கற்றதைச் செய்வது வேறு. எதைப் பார்த்தாலும் மனம் கற்கிறது. அதைச் செய்யலாமா என்பதை, செய்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொண்டு அது எடை போடுகிறது.

சுடுகிற விளையாட்டில் சுட்டவனுக்கு என்ன ஆகிறது? புள்ளி ஏறுகிறது. சுடப்பட்டவனுக்கு? பப்ஜி வகை விளையாட்டில் இறந்தவன் ஒரு பெட்டியாக மாறி விடுகிறான். அதைத் திறந்து அவனுடைய துப்பாக்கியையும் மருந்தையும் எடுத்துக் கொள்ளலாம். படுகளத்தில் அப்படியில்லை. துரியோதனன் கொடியவன்தான்; ஆயினும் அவன் வீழ்ந்ததும் ஒப்பாரி ஒலிக்கிறது. அழுகை முடியாமல் அன்றைய கூத்து முடியாது.

இதைக் கொண்டே ‘விளையாட்டு கெடுக்கிறது’ என்று முடிவு கட்டி விடலாமா? கூடாது. பொம்மை அடி வாங்குவதற்காகவே செய்யப்பட்டது. அதை அடிப்பது பக்கத்து வீட்டுப் பையனை அடிப்பதாகாது. மேலும் இச்சோதனைகளில் குழந்தைகள் பார்த்தவர்களே தவிர, விளையாடியவர்கள் அல்லர்.

மிளகாய்ச் சாறும் கணக்கும்

வீடியோ விளையாட்டைப் பற்றிய அச்சம் நெடுநாளையது. 1976இல் அமெரிக்காவில் வந்த ‘டெத் ரேஸ்’ என்னும் நாணய விளையாட்டில், திரையில் ஓடும் குச்சி போன்ற உருவங்களைக் கார் ஏற்றி வீழ்த்த வேண்டும். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். அன்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1992இல் ‘மார்ட்டல் காம்பாட்’ வந்தபோது இரத்தம் தெளிவாகவே தெறித்தது. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபை இதனை விசாரித்தது. அடுத்த ஆண்டே விளையாட்டுத் தொழிலார் தாமாகவே வயதுக்குறி இடும் அமைப்பு ஒன்றை ஏற்படுத்திக் கொண்டனர். ஐரோப்பாவில் 2003 முதல் 3, 7, 12, 16, 18 என்னும் எண்களை உறையின் மேல் இடுகின்றனர்.

ஆய்வாளரின் முதல் இடர்ப்பாடு இது: முரட்டுத்தனத்தை எதைக் கொண்டு அளப்பது? மாணவர்களைச் சண்டையிட விட்டுப் பார்க்க முடியாதல்லவா? ஆகவே வேடிக்கையான அளவுகோல்களைக் கண்டுபிடித்தனர். அவற்றுள் ஒன்று மிளகாய்ச் சாறு. விளையாடி முடித்தவரிடம், ‘காரமே பிடிக்காத ஒருவர் உண்பதற்காக இதை ஊற்றித் தாருங்கள்’ என்பர். எவ்வளவு காரமான சாற்றை எவ்வளவு ஊற்றுகிறாரோ அவ்வளவு முரட்டுத்தனம் என்பது கணக்கு! (நம் ஊரில் இச்சோதனையைச் செய்தால் குழப்பமே மிஞ்சும்.) மற்றொன்று, எதிராளியின் காதில் பேரிரைச்சலை ஒலிக்கச் செய்வது. இந்த அளவுகோல்கள் குறையுள்ளவை. ஒரே சோதனையின் இரைச்சல் அளவைப் பல வகையில் கணக்கிடலாம். வகைக்கேற்ப விடையும் மாறும்.

கனடாவின் புரோக் பல்கலைக்கழகத்தில் அடாச்சி, வில்லோபி என்னும் இருவர் 2011இல் ஒரு நுட்பமான கேள்வியை எழுப்பினர். சுடுகிற, வெட்டுகிற விளையாட்டுகள் பெரும்பாலும் போட்டி மிகுந்தவையாகவும் உள்ளன. அப்படியானால் ஆளை உசுப்புவது இரத்தமா, போட்டியா? போட்டி, கடினம், வேகம் ஆகியவை ஒத்திருக்கும் வகையில் ஒரு வன்முறை விளையாட்டையும் ஒரு கார்ப் பந்தய விளையாட்டையும் தேர்ந்தெடுத்தனர். மிளகாய்ச் சாற்றின் அளவில் வேறுபாடு இல்லை! அடுத்த சோதனையில் போட்டி மிகுந்த விளையாட்டுகளை ஆடியவர்களே காரத்தை மிகுதியாக ஊற்றினர். அவர்களின் இதயத்துடிப்பும் கூடியிருந்தது. இரத்தம் இல்லாத கார்ப் பந்தயமும் அதில் சேர்த்தி. தோற்கப் போகிறோம் என்ற தவிப்பு தேவனாம்பட்டினம் கடற்கரைக் கிரிக்கெட்டிலும் உண்டு. அவுட்டா இல்லையா என்று மட்டையை ஓங்கிய நண்பரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம் ஆடுவது வேறு. நாள்தோறும் ஆடுவது வேறு. இதற்கும் ஆய்வு உண்டு. பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் வயது வந்தோரை மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ என்னும் வன்முறை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை இரண்டு மாதம் நாள்தோறும் ஆடியது. இரண்டாம் குழு வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் விளையாட்டை ஆடியது. மூன்றாம் குழு எதையும் ஆடவில்லை. முடிவு 2018இல் வெளியாயிற்று: முரட்டுத்தனத்தில் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் அவர்கள் பெரியவர்கள் என்பதை மறவாதீர்கள்.

உங்கள் வயதினரைப் பற்றி? 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரிசிபில்ஸ்கி என்பவரும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் வைன்ஸ்டைன் என்பவரும், 14, 15 வயதுடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் மாணவர்களைப் பற்றி ஆராய்ந்தனர். இவர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றுண்டு. விவரங்களைக் கணக்கிடுமுன்பே, எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்பதை எழுதிப் பதிவு செய்து விட்டனர். விடை வந்த பிறகு தமக்கேற்றவாறு கணக்கை வளைக்க வழியில்லாமல் போயிற்று. விளையாட்டு வன்முறை கொண்டதா என்பதை மாணவர்கள் சொல்லவில்லை, வயதுக்குறி சொல்லிற்று. பிள்ளையின் நடத்தையைப் பிள்ளை சொல்லவில்லை, பெற்றோர் சொல்லினர். இரண்டுக்குமிடையே தொடர்பு காணப்படவில்லை.

மறுபக்கத்தையும் கூற வேண்டும். 2018இல் 24 ஆய்வுகளை, 17,000க்கும் மேற்பட்ட இளையோரின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள், வன்முறை விளையாட்டு ஆடுவோரிடம் நாளடைவில் கைகலப்பு சற்று கூடுவதாகக் கண்டனர். ‘சற்று’ என்பது எவ்வளவு? பிற காரணங்களைக் கழித்த பின் கிடைத்த எண் ஏறத்தாழ 0.08. கணக்கு வகுப்பில் ஒட்டுறவுக் கெழுவைப் படிப்பவர்கள் இதைத் தோராயமாக வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 0.0064. அதாவது, பிள்ளைகளுக்கிடையே கைகலப்பில் உள்ள வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதையே விளையாட்டைக் கொண்டு விளக்க முடியும். மீதிக்குக் காரணம் வீடு, பள்ளி, தெரு, நண்பர், வறுமை, பிள்ளையின் இயல்பு எனப் பலவாக இருக்கும். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் நிலையைத் தெளிவுபடுத்திற்று. கத்துதல், தள்ளுதல் போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு. ஆனால் கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற கொடுஞ்செயல்களை விளையாட்டின் தலையில் கட்டுவதற்குச் சான்று போதாது என்றது.

ஆகவே, ‘இதை ஆடினால் கொலைகாரனாவாய்’ என்று பெற்றோர் சொன்னால் அறிவியல் அதற்குத் துணை நிற்காது. இதைப் படித்துத் துள்ளிக் குதிக்க வேண்டா! பெற்றோர் தவறான காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சரியான காரணங்கள் வேறு உள.

வயதுக்குறி எதைச் சொல்கிறது?

18 என்னும் எண், ஆய்வுக்கூடத்தில் அளந்து கண்டது அன்று. விளையாட்டில் இரத்தம் எவ்வளவு, பாலியல் காட்சி உண்டா, போதைப்பொருள், இழிசொல், சூதாட்டம் உண்டா என்று பார்த்து மனிதர் எடுக்கும் முடிவு அது. கைப்பேசிக் கடைகளில் வரும் விளையாட்டுகளுக்கோ, உருவாக்கியவரே ஒரு வினாத்தாளை நிரப்புகிறார். விடைகளைக் கொண்டு குறி தானாக இடப்படுகிறது. இந்தியாவில் திரைப்படத்துக்குத் தணிக்கை வாரியம் உண்டு. 2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பின் 7, 13, 16 என வயதுப் படிகளும் வந்துள்ளன. சிதம்பரத்துத் திரையரங்கில் ‘ஏ’ சான்று பெற்ற படத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவரை உள்ளே விடுவது சட்டப்படி குற்றம். அதே மாணவர் சட்டைப் பையில் அதைவிடக் கடுமையான ஒன்றை வைத்திருந்தால் வாயிலில் தடுப்பார் எவருமிலர்.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வையே எடுத்துக் கொள்வோம். அதன் பழைய பதிப்பாகிய ‘வைஸ் சிட்டி’ 2002இல் வந்தது. நம் சிறு நகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் பள்ளிச் சிறுவர்கள் பத்து ரூபாயும் இருபது ரூபாயும் கொடுத்து ஆடியது அதைத்தான். ஐரோப்பியக் குறி 18 என்பது அங்கே யாருக்கும் கவலையில்லை. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு கட்டம் உண்டு. நாற்காலியில் கட்டப்பட்ட ஒருவனை, எந்தக் கருவியால் துன்புறுத்துவது என்று ஆடுபவரே தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும். இதை ஆடிய பத்து வயதுச் சிறுவன் மறுநாள் யாரையும் துன்புறுத்த மாட்டான், ஒப்புக் கொள்கிறேன். ஆனால் இரவில் அவன் என்ன கனவு காண்பான்? சிறு குழந்தைகள் கண்ட அச்சக் காட்சிகள் நெடுநாள் மனத்தில் தங்கி உறக்கத்தைக் கெடுப்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜோன் கேன்டர் போன்றோர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். ஒருவன் முரடனாகாமலேயே பாதிக்கப்படலாம். பெற்றோர் மறுப்பதற்கு இதுவே போதுமான காரணம் என்பேன்.

நம் நாட்டில் அரசு தலையிட்ட வரலாறு விந்தையானது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல்துறை பப்ஜியைத் தடை செய்து, ஆடிய சில மாணவர்களைக் கைதும் செய்தது. 2020 செப்டம்பரில் நாடெங்கும் தடை வந்தது; ஆனால் காரணம் வன்முறையன்று, சீனச் செயலிகள் பற்றிய பாதுகாப்பு அச்சம். 2022 பிப்ரவரியில் ‘ஃப்ரீ ஃபயர்’ தடையானதும் அவ்வாறே. பப்ஜியின் இந்தியப் பதிப்பு 2021இல் வந்து, 2022இல் தடுக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பிற்று. அப்போது பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. அந்த இந்தியப் பதிப்பில் அடிபட்டவரிடமிருந்து தெறிப்பது சிவப்பன்று, பச்சை! ‘கொன்றான்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘முடித்தான்’. இரத்தத்தின் நிறத்தை மாற்றினால் பிள்ளைகள் காக்கப்படுவர் என்று எண்ணினார்கள் போலும்! படுகளத்தில் ஓடும் செந்நீர் இதைக் கேட்டால் நகைக்கும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளையே கட்டுப்படுத்த வந்தவை. அவற்றை இதனோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

வயதுக்குறி அறியாதவை இரண்டு உள்ளன. முதலாவது, காதில் பேசும் அன்னியன். இணையத்தில் குழுவாக ஆடும்போது உங்களோடு பேசுபவர் நெய்வேலி மாணவராகவும் இருக்கலாம். நாற்பது வயது மோசக்காரராகவும் இருக்கலாம். அவர் பேசும் வசையோ கேட்கும் புகைப்படமோ எந்தக் குறிக்கும் அடங்காது.

இரண்டாவது, நேரம். ஸ்கின்னர் என்னும் உளவியலார் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் ஒன்றைக் கண்டார். பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் தந்தால், தானியம் நின்றதும் புறா விரைவில் ஓய்ந்து விடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதவாறு விட்டு விட்டுத் தந்தால் ஓயாமல் கொத்திக் கொண்டேயிருக்கும். நூறு பேரில் ஒருவரே வெல்லும் ஆட்டத்தில் நீங்கள் எப்போது வெல்வீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ‘இன்னும் ஒரே ஆட்டம்’ என்று இரவு ஒரு மணி வரை விரல் நகர்வது இதனால்தான். உங்கள் வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. உறக்கம் குறைந்த பையன் காலையில் எரிந்து விழுகிறான். அம்மா ‘சுடுகிற விளையாட்டால் வந்த முரட்டுத்தனம்’ என்கிறாள். பாதி சரி! விளையாட்டுதான் காரணம், சுட்டது காரணமில்லை. பரமபதம் ஆடி இரவு ஒரு மணி வரை விழித்திருந்தாலும் அவன் அப்படித்தான் இருப்பான்.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று கடன் வாங்கியாவது கைப்பேசி வாங்கித் தந்த வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். படகிலும் நெசவுத்தறியிலும் வயலிலும் உழைக்கும் பெற்றோருக்கு அந்தத் திரைக்குள் நடப்பது தெரியாது. தெரியாததைத் தடுக்கும் ஒரே வழி பிடுங்குவது. பிடுங்கினால் என்ன ஆகும்? நால்வர் குழுவில் ஒருவர் நடுவில் மறைந்தால் மற்ற மூவரும் தோற்பர், அவமானம் பையனுக்கு. கைகலப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே, ‘அரை மணி நேரம்’ என்பதைவிட ‘ஒரு ஆட்டம்’ என்று பேசி வைத்துக் கொள்வது நடைமுறைக்கு ஒத்தது. பப்ஜி வகை ஆட்டம் ஏறத்தாழ முப்பது நிமிடம். ஃப்ரீ ஃபயர் வகை பத்து நிமிடம். பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருகில் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பார்ப்பது இன்னும் நல்லது. அவர்கள் தோற்பார்கள், நீங்கள் சொல்லிக் கொடுப்பீர்கள். எந்த ஆட்டத்தைத் தயங்காமல் அவர்களுக்குக் காட்ட முடிகிறதோ அதை ஆடலாம். காட்டக் கூசுகிறீர்களா? அப்போது 18 என்ற எண் எதற்காக இடப்பட்டது என்பது உங்களுக்கே தெரிகிறது. அவ்வகையை வீட்டில் நுழைய விடாத பெற்றோரின் பக்கமே நான் நிற்பேன்.

நீங்களே செய்து பாருங்கள்

அடாச்சியின் சோதனையில் ஒரு பகுதியை வகுப்பிலேயே செய்யலாம். மணிக்கட்டில் இரு விரல் வைத்து ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணிக் குறியுங்கள். பின் பத்து நிமிடம் ஆட்டம்: ஒரு நாள் கார்ப் பந்தயம், ஒரு நாள் கேரம், ஒரு நாள் சதுரங்கம், ஒரு நாள் உங்கள் வயதுக்கு உரிய சுடுகிற விளையாட்டு. முடிந்தவுடன் மீண்டும் எண்ணுங்கள். வென்றீர்களா தோற்றீர்களா என்பதற்கும் ஒரு கட்டம் இடுங்கள். எந்த ஆட்டத்தில் துடிப்பு மிகக் கூடிற்று? தோற்ற நாளிலா, வென்ற நாளிலா? ஒருவருடைய நாடியைக் கொண்டு ஒன்றும் கூற முடியாது. குறைந்தது பத்து நண்பர்களைச் சேர்த்துச் சராசரி காணுங்கள். எல்லாரும் ஒரே வரிசையில் ஆட வேண்டா. முதல் நாளின் ஆவல் கணக்கைக் கெடுத்து விடும். சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசையை முடிவு செய்யுங்கள். கணக்கிடும் முறையை முன்கூட்டியே எழுதி ஆசிரியரிடம் கொடுத்து விடுங்கள்.